15 முதல் 18 வயதினருக்குக் கொரோனா தடுப்பூசி: பெற்றோர் எதை வைத்து முடிவெடுப்பது?

வைகைக்கரையான் | 28 டிசம்பர் 2021

25ஆம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்ததை அனைவரும் பார்த்திருப்பீர்கள். ஜனவரி 3 முதல் 15 வயதிலிருந்து 18 வயது வரையுள்ளவர்களுக்குத் தடுப்பூசி தொடங்குகிறது. 2007ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ பிறந்தவர்கள் ஜனவரி 1 முதல் கோவின் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். போடப்படுவது கோவேக்சின் மட்டுமே என்று நேற்று வந்த வழிகாட்டுதல் கூறுகிறது. என் மகள் பிளஸ் 1 படிக்கிறாள். மகனுக்கு 12 வயது. மகளுக்கு இப்போதே முடிவெடுக்க வேண்டும், மகனுக்கு எப்படியும் சில மாதங்களில் கேள்வி வரும்.

நானும் என் மனைவியும் கோவிஷீல்டு இரண்டு தவணைகளையும் தயக்கமில்லாமல் போட்டுக்கொண்டோம். ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஊர் ஊராக அலைந்தவர்களை நேரில் பார்த்த பிறகு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் அதே கணக்கைப் போட முடியுமா என்பதுதான் என் குழப்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஜூன், ஜூலை மாதங்களில் நடத்திய நான்காவது தேசிய ஆய்வின்படி 10 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 61.6 சதவீதத்தினரின் இரத்தத்தில், தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் அப்போதே இருந்தது. அதாவது, பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று வந்ததும் தெரியாமல் போயிருக்கிறது. அப்படியிருக்கையில் இந்த ஊசியால் என் மகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கப்போவது என்ன, அதற்கு அவள் ஏற்கப்போகும் ஆபத்து என்ன என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றுவதை இங்கே ஒட்ட வேண்டாம் என்பதையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தைநல மருத்துவர், கோவை | 28 டிசம்பர் 2021

இந்தக் கேள்வியைப் புறநோயாளிகள் பிரிவில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆரோக்கியமான ஒரு பதின்வயதுப் பிள்ளைக்குக் கொரோனா தொற்று வந்தால் அது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் காய்ச்சலோடு முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் விதிவிலக்குகள் இரண்டு உள்ளன. முதலாவது, ஏற்கெனவே உடல்நலக் குறைவுள்ள பிள்ளைகள். மிகையான உடல் பருமன், முதல் வகை நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய், புற்றுநோய்ச் சிகிச்சை, நரம்பு வளர்ச்சிக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு இந்த நோய் பெரியவர்களைப் போலவே கடுமையாகலாம். இவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உண்மையில் இவர்களுக்குத்தான் முதலில் தொடங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது, எம்ஐஎஸ்-சி என்று நாங்கள் அழைக்கும் பல உறுப்பு அழற்சி. தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரங்கள் கழித்து, சில நேரங்களில் தொற்று வந்ததையே குடும்பம் அறியாத நிலையில், விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, வயிற்று வலி என்று பிள்ளையைக் கொண்டுவருவார்கள். வயிற்று வலியை வைத்துக் குடல்வால் அழற்சி என்று அறுவைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. இரத்த அழுத்தம் இறங்கி, இதயம் பலவீனமாகித் தீவிர சிகிச்சை தேவைப்படும் நிலை வரும். இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு ஜூன், ஜூலையில் நாங்கள் அதிகம் பார்த்தது இதைத்தான். இது அபூர்வமானது, சரியான நேரத்தில் வந்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் முன்பு நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கும் வரக்கூடியது என்பதால், ஆரோக்கியமான பிள்ளைக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

கோவேக்சின் முழுமையான வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்படுவது. பழைய முறைதான். பெரியவர்களுக்குப் போடும் அதே அளவு, 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை. 2 முதல் 18 வயது வரையுள்ள ஏறத்தாழ 525 பிள்ளைகளிடம் சோதித்திருக்கிறார்கள். அந்தச் சோதனை எத்தனை பேருக்கு நோய் வராமல் தடுத்தது என்பதை அளக்கவில்லை. பிள்ளைகளின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளின் அளவு பெரியவர்களுக்கு உருவானதோடு ஒப்பிடத்தக்கதாக இருக்கிறதா என்று பார்த்தது. தடுப்பூசி உலகில் இது ஏற்கப்பட்ட வழிதான். வயது வாரியாக ஒவ்வொரு முறையும் பல்லாயிரம் பேரைச் சோதித்துக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் மகளுக்குப் போடலாம் என்பதே என் கருத்து. மகனைப் பற்றி அவருடைய முறை வரும்போது பேசுவோம்.

கணக்கு வாத்தியார் | 28 டிசம்பர் 2021

டாக்டர் குறிப்பிட்ட 525 என்ற எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மருத்துவம் என் துறையன்று.

ஒரு சோதனையில் குறிப்பிட்ட ஒரு கடுமையான பக்கவிளைவு ஒருவருக்கும் வரவில்லை என்றால், அந்தப் பக்கவிளைவே இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. புள்ளியியலில் இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: 3-ஐப் பங்கேற்றவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் வரை உண்மையான ஆபத்து இருக்கலாம், அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு கூறலாம். 525 பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்றால், 175 பேரில் ஒருவருக்கு வரும் அளவிலான ஆபத்தை மட்டுமே அந்தச் சோதனையால் விலக்க முடியும். அமெரிக்காவில் 12 முதல் 15 வயதினரிடம் ஃபைசர் நடத்திய சோதனையில் தடுப்பூசி பெற்றவர்கள் 1,131 பேர். அதே விதிப்படி 377இல் ஒருவர். இரண்டுமே சிறிய சோதனைகள்தாம்.

தமிழ்நாட்டில் இந்த வயதில் சுமார் 33 லட்சம் பேர் இருக்கிறார்கள் என்கிறார்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் பக்கவிளைவு ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால் அது 330 பிள்ளைகள். 525 பேரிடம் நடந்த சோதனையில் அது கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பு குறைவு. ஆகவே ஊசி போடத் தொடங்கிய பிறகு நடக்கும் கண்காணிப்புதான் உண்மையான பாதுகாப்புச் சோதனை. அந்தக் கண்காணிப்பு நம் நாட்டில் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது, அதன் முடிவுகள் நம் பார்வைக்கு வருகின்றனவா என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி.

சிங்கை வாசகி | 29 டிசம்பர் 2021

சிங்கப்பூரில் எங்களுக்கு இந்த விவாதம் ஆறு மாதம் முன்பே வந்துவிட்டது. ஜூன் மாதத்தில் 12 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு ஃபைசர் போடத் தொடங்கினார்கள். நேற்று முன்தினம் முதல் 5 முதல் 11 வயதினருக்கும் தொடங்கிவிட்டார்கள்; அவர்களுக்குப் பெரியவர்களின் அளவில் மூன்றில் ஒரு பங்கு.

வாத்தியார் கேட்ட கண்காணிப்பைப் பற்றி எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் தவணை போட்டுக்கொண்ட 16 வயது மாணவர் ஒருவருக்குச் சில நாட்களில் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கிய பிறகு இதயத் துடிப்பு நின்றுவிட்டது. செய்தி மறைக்கப்படவில்லை. சுகாதார அமைச்சு விசாரித்து, அது கடுமையான இதயத் தசை அழற்சி என்றும், தடுப்பூசியால் ஏற்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும், கடுமையான பளு தூக்குதலும் அதிகப்படியான காஃபினும் அதை மோசமாக்கியிருக்கலாம் என்றும் வெளிப்படையாக அறிவித்தது. தடுப்பூசிப் பாதிப்புக்கான நிதித் திட்டத்தின் உச்சவரம்பான 2,25,000 சிங்கப்பூர் டாலர் அந்த மாணவருக்கு வழங்கப்பட்டது. ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்ற அறிவுரை பள்ளிகளுக்கு எட்டியது.

அதற்குப் பிறகு பெற்றோர்கள் கூட்டமாகப் பின்வாங்கினார்களா என்றால், இல்லை. என் மகனுக்கு அந்தச் செய்தியைப் படித்த பிறகே இரண்டாம் தவணை போட்டோம். இரண்டு வாரம் கால்பந்து கூடாது என்று சொன்னதற்குத்தான் அவன் அதிகம் வருந்தினான். கெட்ட செய்தியைச் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் நினைப்பது எல்லா இடத்திலும் சரியாவதில்லை.

குழந்தைநல மருத்துவர், கோவை | 29 டிசம்பர் 2021

அம்மா குறிப்பிட்டது முக்கியமான செய்தி என்பதால் ஒரு விளக்கம் சேர்க்கிறேன். இந்த இதயத் தசை அழற்சி ஃபைசர், மாடர்னா ஆகிய எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளோடு (வைரஸின் ஒரு புரதத்தை நம் உடலே தயாரிக்கும்படி அதற்கான மரபுக் குறிப்பைச் செலுத்தும் வகை) தொடர்புடையதாக முதலில் இஸ்ரேலிலும் பிறகு அமெரிக்காவிலும் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு, இரண்டாம் தவணைக்குப் பிறகு, ஒரு வாரத்துக்குள் நெஞ்சு வலியாகத் தொடங்குகிறது. பெரும்பாலோர் ஓய்விலும் எளிய மருந்துகளிலும் குணமடைந்துவிடுகிறார்கள். கோவேக்சின் அந்த வகையைச் சேர்ந்ததன்று. இதை வைத்துக் கோவேக்சின் முற்றிலும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். அமெரிக்காவில் அந்தப் பக்கவிளைவைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம் அவர்கள் தேடினார்கள் என்பதே.

ஓய்வுபெற்ற செவிலியர் | 30 டிசம்பர் 2021

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக ஊசி போட்டவள் என்ற முறையில் வேறொரு பக்கத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் வாதங்களில் எங்கும் ஊசி போடும் ஆளைக் காணோம்.

ஒரு துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் ஒரே செவிலியர்தான் கர்ப்பிணிகளைப் பார்க்கிறார், புதன்கிழமைதோறும் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார், வீடு வீடாகப் போகிறார். செப்டம்பரிலிருந்து வாரந்தோறும் மாபெரும் முகாம் என்று அவரையே அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது பள்ளிகளுக்கும் அவர்தான் போக வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு வர வேண்டிய ஒன்பது மாதக் குழந்தை ஒரு வாரம் தள்ளிப்போனால் அந்தத் தாய் அடுத்த வாரம் வருவார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் பள்ளியிலேயே போட்டுவந்த இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு விட்டுப்போனது என்று யாராவது கணக்கெடுத்தார்களா?

என் ஒன்றியத்தில் அறுபது வயதைக் கடந்த பலர் இன்னும் முதல் தவணையே போட்டுக்கொள்ளவில்லை. நடக்க முடியாதவர்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள், “இனி எனக்கு எதற்கு” என்பவர்கள். இந்த நோயில் சாகக்கூடியவர்கள் அவர்கள்தாம். பிள்ளைகளுக்குப் போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரே காலையில் இருநூறு ஊசி போட்டு எண்ணிக்கையைக் காட்டுவது எளிது. கிழவி ஒருவரைத் தேடி வரப்பில் நடந்து போய் ஓர் ஊசி போடுவது கடினம். மேலிருந்து இலக்கு வைப்பவர்கள் எளிதானதைத்தான் கேட்பார்கள்.

தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம் | 6 ஜனவரி 2022

3ஆம் தேதி முதலமைச்சர் போரூர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எங்கள் பள்ளியில் மறுநாள் முகாம். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டு முன்தினம் கடிதம் கொடுத்தனுப்பினோம். பெரும்பாலோர் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். சிலர் நேரில் வந்து கேள்வி கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு எவரும் பயிற்சி அளிக்கவில்லை. சுகாதாரத் துறை அலுவலரைக் கைபேசியில் அழைத்துப் பேசவைத்தேன். ஐந்தாறு பேர் வேண்டாம் என்றார்கள், அவர்களை வற்புறுத்தவில்லை. ஊசி போடாத மாணவர்களைப் பள்ளிக்குள் அனுமதிக்கமாட்டோம் என்று ஹரியானா அரசு அறிவித்திருக்கும் செய்தியைப் படித்த ஆசிரியர் ஒருவர், நாமும் அப்படிச் சொன்னால் என்ன என்று கேட்டார். ஒன்றரை ஆண்டு பள்ளியை இழந்த பிள்ளைகளை, அவர்களுடைய பெற்றோர் எடுத்த முடிவுக்காக மீண்டும் வாசலில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை என்றேன்.

மாணவிகள் மூவர் மயங்கினார்கள். ஒருத்தி மயங்கியதைப் பார்த்து அடுத்தவள் மயங்கினாள். காலை உணவு சாப்பிடாமல் வந்தது, நெடுநேரம் வரிசையில் நின்றது, ஊசி பற்றிய அச்சம் ஆகியவையே காரணம் என்று மருத்துவர் கூறினார். படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்ததும் சிறிது நேரத்தில் தெளிந்தார்கள். முகாம் நடத்தவிருக்கும் பள்ளிகளுக்கு என் ஆலோசனை: சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், உட்காரவைத்துப் போடுங்கள், போட்டுக்கொண்டவர்கள் காத்திருக்கும் இடம் வரிசையில் நிற்பவர்களின் பார்வையில் படாதவாறு வையுங்கள். மேலும், முகாமில் எல்லோருக்கும் பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தார்கள்; நேற்று பாரத் பயோடெக் நிறுவனமோ கோவேக்சினுக்குப் பிறகு பாராசிட்டமால் பரிந்துரைக்கப்படவில்லை என்று அறிவித்திருக்கிறது. இதை முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேள்விக்குறி | 30 ஜனவரி 2022

ஒமிக்ரான் வந்த பிறகும் இந்த இழையில் ஒருவரும் அடிப்படைக் கேள்வியை எழுப்பவில்லை என்பது வியப்பளிக்கிறது. இரண்டு தவணை போட்ட பெரியவர்கள் வீடு வீடாகப் படுத்துக்கிடக்கிறார்கள். பரவலை இந்தத் தடுப்பூசிகள் நிறுத்தவில்லை என்பது கண்கூடு. அப்படியானால் “தாத்தா பாட்டியைக் காப்பாற்றப் பிள்ளைக்கு ஊசி” என்ற வாதம் விழுந்துவிடுகிறது. பிள்ளைக்குக் கிடைக்கும் நன்மை மட்டுமே எஞ்சுகிறது. அது மிகச் சிறியது என்று டாக்டரே ஒப்புக்கொள்கிறார்.

நான் தடுப்பூசி எதிர்ப்பாளன் அல்லன்; பெரியவர்களுக்கான ஊசியைக் குறை சொல்லவுமில்லை. பிரிட்டனின் தடுப்பூசிக் கூட்டுக் குழு கடந்த செப்டம்பர் 3 அன்று, ஆரோக்கியமான 12 முதல் 15 வயதினருக்கு நன்மை ஆபத்தைவிடச் சற்றே கூடுதல்தான், ஆகவே எல்லோருக்கும் போடும்படி பரிந்துரைக்கும் அளவுக்கு அது போதாது என்று கூறியது. சுவீடன் மூன்று நாட்களுக்கு முன் 5 முதல் 11 வயதினருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்போவதில்லை என்று அறிவித்திருக்கிறது. கோவேக்சின் சோதனைகளை நடத்தியவர்களில் ஒருவரான எய்ம்ஸ் மருத்துவர் சஞ்சய் ராய் அவர்களே பிள்ளைகளுக்குப் போடும் முடிவு அறிவியலுக்கு உகந்ததன்று என்று டிசம்பரில் வெளிப்படையாகக் கூறினார். உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் கடந்த மே மாதமே, பணக்கார நாடுகள் பிள்ளைகளுக்குப் போடுவதைத் தள்ளிவைத்து அந்த ஊசிகளை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இவர்களெல்லாம் வாட்ஸ்அப் மருத்துவர்களா?

குழந்தைநல மருத்துவர், கோவை | 31 ஜனவரி 2022

இல்லை. நீங்கள் சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் பிரிட்டன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தக் குழு தன் பார்வை உடல்நலத்துக்குள் அடங்கியது என்றும், கல்வி போன்றவற்றை அரசு வேறு இடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. பத்து நாள் கழித்து, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து உள்ளிட்ட பிரிட்டனின் நான்கு பகுதிகளின் தலைமை மருத்துவ அதிகாரிகளும் பள்ளி இடையூறு குறையும் என்ற காரணத்தைச் சேர்த்து ஒரு தவணை போடலாம் என்று பரிந்துரைத்தார்கள். அங்கே கணக்கு இரண்டு இடங்களில், எல்லோரும் படிக்கும்படி, போடப்பட்டது. ஒருவர் நன்மை சிறியது என்றார், மற்றவர் அந்தச் சிறிய நன்மையோடு இதையும் சேருங்கள் என்றார். நம் நாட்டில் 2 வயது முதல் கொடுக்கலாம் என்று அக்டோபரில் நிபுணர் குழு பரிந்துரைத்தது; டிசம்பரில் அனுமதி 12 வயதுக்கு மேல் என்று வந்தது; அறிவிப்பு 15 வயதுக்கு மேல் என்று வந்தது. ஒவ்வொரு படியிலும் வயது ஏன் மாறியது என்பதற்கான காரணங்களைப் பெற்றோர் எவரும் படிக்க வழியில்லை.

உங்கள் முதல் வாதத்துக்கு வருகிறேன். பரவலைத் தடுப்பதற்காகப் பிள்ளைக்கு ஊசி போடுவது சரியில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஒரு பிள்ளையின் உடலில் செலுத்தும் எதுவும் அந்தப் பிள்ளைக்குப் பயன்பட வேண்டும். பயன்படுகிறது என்பதற்கு இப்போது ஒரு சான்று வந்திருக்கிறது. அமெரிக்காவில் 12 முதல் 18 வயதினரில் இரண்டு தவணை ஃபைசர் எம்ஐஎஸ்-சி வரும் வாய்ப்பை 91 சதவீதம் குறைத்ததாக அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் இம்மாதம் வெளியிட்டது. மறுபுறம், சென்ற வாரம் வெளியான இன்னோர் ஆய்வின்படி பத்து லட்சம் இரண்டாம் தவணைகளுக்கு 16, 17 வயது ஆண்களில் சுமார் 106 பேருக்கும், 12 முதல் 15 வயது ஆண்களில் சுமார் 71 பேருக்கும் இதயத் தசை அழற்சி வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டுமே ஃபைசர் பற்றியவை. கோவேக்சினுக்கு இந்த இரண்டு எண்களும் நம்மிடம் இல்லை.

கணக்கு வாத்தியார் | 31 ஜனவரி 2022

106 என்பது ஏறத்தாழ 9,400 பேரில் ஒருவர். நான் முன்பு உதாரணமாகச் சொன்ன பத்தாயிரத்தில் ஒருவர் என்பதற்கு அருகில் வந்துவிட்டது. 1,131 பேர் பெற்றுக்கொண்ட சோதனையில் இது தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும்.

வைகைக்கரையான் | 19 மார்ச் 2022

மகளுக்கு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் போட்டாயிற்று. ஒரு நாள் கைவலி, அவ்வளவுதான். இந்த 16ஆம் தேதி முதல் 12 முதல் 14 வயதினருக்கும் தொடங்கிவிட்டார்கள். இம்முறை கோர்பேவாக்ஸ். மகனின் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவனுக்கு ஜனவரியில் வீட்டோடு எங்கள் எல்லோருக்கும் வந்தபோது தொற்றும் வந்து போயிற்று. டாக்டர் அவர்களே, அவனுடைய முறை வந்துவிட்டது.

குழந்தைநல மருத்துவர், கோவை | 20 மார்ச் 2022

கோர்பேவாக்ஸ் ஐதராபாத்தில் உள்ள பயாலஜிகல் ஈ நிறுவனத்தின் தயாரிப்பு. மூல வடிவம் அமெரிக்காவின் ஹூஸ்டனில், பீட்டர் ஹோட்டஸ், மரியா எலினா பொட்டாசி ஆகியோரின் குழுவில் உருவானது. அவர்கள் காப்புரிமை கோரவில்லை. வைரஸின் முள்புரதத்தில் நம் செல்களைப் பற்றிக்கொள்ளும் பகுதியை மட்டும் ஈஸ்ட் செல்களில் வளர்த்தெடுக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு நாம் பல ஆண்டுகளாகப் போட்டுவரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஈஸ்டில் உருவாவதுதான். ஆகவே தொழில்நுட்பத்தைப் பற்றி எனக்கு அச்சம் இல்லை. பிள்ளைகளிடம் நடந்த சோதனையின் முழு விவரங்களை ஊசி தொடங்கும் முன் ஆய்விதழில் படிக்க முடியவில்லை என்பதே என் குறை.

உங்கள் மகனுக்கு வேறு நோய் இல்லை, இரண்டு மாதம் முன்புதான் தொற்று வந்து குணமாகியிருக்கிறான். தொற்று வந்தால் மூன்று மாதம் தள்ளிப் போடும்படி அரசின் வழிகாட்டுதலே கூறுகிறது. ஏப்ரல் பிற்பகுதி வரை காத்திருங்கள். நியூயார்க் மாநிலத்திலிருந்து சென்ற மாத இறுதியில் வந்த தரவுகளின்படி, ஒமிக்ரான் அலையில் 5 முதல் 11 வயதினருக்குத் தொற்று வராமல் ஃபைசர் தடுப்பூசி அளித்த பாதுகாப்பு ஏழு வாரங்களில் 68 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக இறங்கிவிட்டது. கடுமையான நோயிலிருந்து பாதுகாப்பு அதைவிட நன்றாக நீடிக்கிறது. ஆகவே, தேர்வுக்கு முன் போட்டால் காய்ச்சல் வராது என்ற எண்ணத்தில் அவசரப்பட வேண்டாம். ஓடிப்போய்ப் போட வேண்டிய அவசரமும் இல்லை, போட்டால் கேடு வரும் என்று அஞ்ச வேண்டியதும் இல்லை.

கேள்விக்குறி | 4 மே 2022

உச்ச நீதிமன்றம் நேற்று முன்தினம் ஜேக்கப் புலியேல் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மனுதாரர் குழந்தைநல மருத்துவர். தேசிய தடுப்பூசி ஆலோசனைக் குழுவில் முன்பு உறுப்பினராக இருந்தவர். நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் அமர்வு, எவரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, உடல்மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று கூறியிருக்கிறது. ஹரியானா பாணி அறிவிப்புகளுக்கு இது பதில்.

தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம் | 4 மே 2022

தீர்ப்பின் மற்ற பகுதிகளையும் ஐயா எழுதியிருக்கலாம். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் அரசின் கொள்கை உலகளாவிய அறிவியல் கருத்தோடு ஒத்துப்போகிறது என்று கூறி அதில் தலையிட நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே நேரத்தில், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட தடுப்பூசிகளின் சோதனைகளில் கிடைத்த முக்கிய முடிவுகளை விரைந்து வெளியிட வேண்டும் என்றும், பக்கவிளைவுகளைப் பொதுமக்களும் தனியார் மருத்துவர்களும் நேரடியாகப் பதிவு செய்ய இணைய வசதி வேண்டும் என்றும் உத்தரவிட்டிருக்கிறது. டிசம்பரில் கணக்கு வாத்தியார் கேட்டதும் மார்ச்சில் டாக்டர் குறைப்பட்டுக்கொண்டதும் இவைதாம். ஒரு பள்ளிக்கு இவை ஏன் முக்கியம் என்றால், வேண்டாம் என்று சொன்ன அந்த ஐந்தாறு பெற்றோரில் பாதிப் பேர் எதிர்ப்பாளர்கள் அல்லர். படிப்பதற்கு ஏதாவது தாருங்கள் என்று கேட்டவர்கள்.

சிங்கை வாசகி | 8 ஏப்ரல் 2023

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி நிபுணர் குழு சென்ற மாதம் 28ஆம் தேதி வெளியிட்ட பரிந்துரையில், ஆறு மாதம் முதல் 17 வயது வரையுள்ள ஆரோக்கியமான பிள்ளைகளைக் குறைந்த முன்னுரிமைப் பிரிவில் வைத்திருக்கிறது. போடுவதா வேண்டாமா என்பதை அந்தந்த நாடு தன் நோய்ச்சுமையையும் செலவையும் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறது. டென்மார்க்கில் 18 வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகப் போடுவதை 2022 ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள். சிறு பிள்ளைகளுக்குப் போட்டதில் பெரிதாகப் பயன் கிட்டவில்லை என்று அவர்களுடைய சுகாதார ஆணையத்தின் தலைவரே தொலைக்காட்சியில் சொன்னார். இந்தியாவில் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொடங்கினார்களா?

குழந்தைநல மருத்துவர், கோவை | 8 ஏப்ரல் 2023

இல்லை அம்மா. கோவேக்சினுக்கு 6 வயது முதலும் கோர்பேவாக்ஸுக்கு 5 வயது முதலும் கடந்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று அனுமதி கிடைத்தது. அரசு அந்த வயதினருக்கான திட்டத்தைத் தொடங்கவில்லை. தொடங்காதது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதற்காக 2022 ஜனவரியில் 15 வயதுப் பிள்ளைக்குப் போட்டது தவறாகிவிடாது. ஒமிக்ரான் எப்படி முடியும் என்று அன்று தெரியாது; பதின்வயதினரில் பெரும்பாலோருக்குத் தொற்றாலும் ஊசியாலும் எதிர்ப்பாற்றல் வந்துவிட்ட இன்றைய நிலையும் அன்று இல்லை. நாட்டுக்கு நாடு முடிவு மாறியதற்குக் காரணம் அறிவியல் மாறியது என்பதைவிட, பிள்ளைக்குக் கிடைக்கும் நன்மை தொடக்கத்திலிருந்தே சிறியதாக இருந்தது என்பதே. தட்டின் ஒரு பக்கம் சிறிது எடை கூடினாலும் குறைந்தாலும் முள் நகர்ந்துவிடும் அளவில் அது இருந்தது. முதியவர்களுக்கு எந்த நாட்டிலும் இந்தத் தடுமாற்றம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர் | 9 ஏப்ரல் 2023

கொரோனா ஊசியைப் பற்றி இத்தனை பேர் இத்தனை நாள் எழுதினீர்கள். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் இரண்டரைக் கோடிக் குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசியில் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னிக்கானது) ஒரு தவணையாவது விட்டுப்போனது என்று யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் கூறின. சென்ற நவம்பரில் மும்பை கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். அந்த நோய்க்கு ஊசி இல்லையா, சோதனை போதவில்லையா? எல்லாம் இருந்தது, போட வேண்டிய நாளில் போடப்படவில்லை.

வைகைக்கரையான் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் மகனுக்குப் பத்து வயதானபோது பள்ளிகள் மூடியிருந்தன. அப்போது போட வேண்டிய இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி போட்டாயிற்றா?

வைகைக்கரையான் | 9 ஏப்ரல் 2023

இல்லை அக்கா. நீங்கள் 2021இல் எழுதியதைப் படித்தபோதே மனதில் பட்டது; கோர்பேவாக்ஸ் இரண்டு தவணையும் போட்டதோடு அது மறந்தேபோயிற்று. அவனுக்கு இப்போது 13 முடிந்துவிட்டது. இனிமேல் போட முடியுமா, பதினாறு வரை காத்திருக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற செவிலியர் | 9 ஏப்ரல் 2023

காத்திருக்க வேண்டாம். விட்டுப்போனதை இப்போதே போடலாம். பதினாறில் போட வேண்டியது தனி. சிறு வயதில் போட்ட தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு வரும் புதன்கிழமை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அட்டை இல்லையென்றாலும் போங்கள். பையன் சாப்பிட்டுவிட்டு வரட்டும்.